மாசியில் பறவையும் பூவும் பார்க்க எங்கே நடப்பது: வேட்டங்குடியா, ஊர்க் கண்மாயா, சங்கரபதிக் காடா?

தை முடிந்து மாசி பிறக்கிற சமயம் காரைக்குடிப் பக்கம் விடியற்காலையில் ஒரு சால்வை தேவைப்படும், பத்து மணிக்கு அதே சால்வை சுமையாகிவிடும். நம் பகுதிக்குக் குளிர்காலம் என்று இருப்பதே அவ்வளவுதான். ஆனால் அதன் கடைசி மூன்று நான்கு வாரம் இருக்கிறதே, வெளியே நடக்க அதைவிட நல்ல காலம் வருஷத்தில் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பிய கண்மாய்களில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, மழைக்கு முளைத்த செடிகொடிகள் வெயிலில் கருகுவதற்குள் அவசர அவசரமாகப் பூத்துக்கொண்டிருக்கும். பங்குனி பாதி தாண்டினால் இதில் முக்கால்வாசி போய்விடும்.

இந்தப் பருவத்தில் என்னிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருக்கிறது, எங்கே போகலாம்? கேட்பவர்களில் பாதிப்பேர் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பேர் பெற்ற இடம், பெயர்ப்பலகை இருக்கிறது, போனால் பறவை இருக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. நான் பெரும்பாலும் உங்கள் ஊர்க் கண்மாய்க்கே போங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதையும், எந்தச் சூழ்நிலையில் அந்தப் பதிலை மாற்றிக்கொள்வேன் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் வேட்டங்குடி. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற சாலையில், மதுரையிலிருந்து 51 கிலோமீட்டரில் இருக்கிறது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. 1977இல் சரணாலயம் ஆனது. பறவைகள் மிரளக் கூடாது என்று அந்தக் கிராமத்துக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, இது எல்லாரும் அறிந்த செய்தி. கண்மாய்க்குள் நிற்கிற மரங்களில் நத்தைகுத்தி நாரை, வக்கா, சாம்பல் நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் அடையும், கூடு கட்டும். பெரிய பறவைகள், திறந்த வெளி. பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம், ஐந்து வயதுக் குழந்தைகூட விரலை நீட்டிச் சொல்லும்.

அப்புறம் என்ன குறை என்றால், மாதம்தான் குறை. அங்கே கூட்டம் கூடுவது மழையோடு. கார்த்திகை, மார்கழி, தை என்று கூடும் குஞ்சுமாக இருக்கிற இடம் மாசியில் மெல்லக் கலையத் தொடங்கும். குஞ்சுகள் பறக்கக் கற்றுவிட்டால் பறவைக்கு அங்கே உட்கார்ந்திருக்க வேலை இல்லை. மழை சரியாகப் பெய்யாத வருஷம் என்றால் மாசிக்குள் தரை தெரிந்துவிடும், அவ்வளவு தூரம் வண்டி கட்டிப் போய் மாடு மேய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தப் பக்கத்து ஆள் யாரையாவது பிடித்துத் தண்ணீர் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அது நடக்கிற இடம் இல்லை, நின்று பார்க்கிற இடம். கரையில் நின்று பார்த்துவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். பூ பார்க்கப் போகிறவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போது ஊர்க் கண்மாய். பெயர் சொல்லத் தேவையில்லாத, எந்த வரைபடத்திலும் தனியாகக் குறிக்காத, உங்கள் ஊருக்குக் கிழக்கேயோ தெற்கேயோ கிடக்கிற கண்மாய். தண்ணீர் வற்றிக்கொண்டு வருவதுதான் மாசியில் அதன் பலம். நிறை கண்மாயில் பறவைக்கு இறங்க இடம் இல்லை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, கரைக்கு எதிரே ஆழம் குறைந்த உள்வாய்ப் பக்கம் சேறு வெளியே தெரியும், அந்தச் சேற்றுக்குத்தான் உள்ளான்கள் வரும். பொறி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு ஓரத்தில் நடக்கும், நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கொஞ்சம் ஆழத்தில் நிற்கும், மஞ்சள் வாலாட்டி ஈரம் காயாத புல்லில் பூச்சி தேடும். மடையை ஒட்டி ஆழமாக இருக்கிற தண்ணீரில் நாமக்கோழியும் முக்குளிப்பானும். கூட்டமாக மிதக்கிற சின்ன வாத்துகள் இருந்தால் நன்றாகப் பாருங்கள், ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைப் புருவம் தெரிந்தால் அது நீலச்சிறகி. ஐரோப்பா, சைபீரியா பக்கத்திலிருந்து வந்தது, திரும்பிப் போகிற பயணத்தில் இந்தச் சமயம்தான் நம் கண்மாய்களில் நிறையத் தங்கும்.

அல்லி படர்ந்த கண்மாய் என்றால் இன்னும் விசேஷம். இலைக்கோழி ஒவ்வொரு இலையாக மிதித்து நடப்பதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பாருங்கள். விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். இலை லேசாக அமுங்கும், ஓரத்தில் தண்ணீர் ஏறும், அது மூழ்குவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். நடுவில் நின்று அல்லி இலையின் ஓரத்தை அலகால் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கிறதைக் கொத்தித் தின்னும். நீளவால் இலைக்கோழிக்கு அந்த வால் கோடையில்தான் வளரும். மாசியில் பார்க்கிறபோது வால் குட்டையாக, பழுப்பாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அதுவேதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. நம் பகுதி நிலம் மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கத்திலும் தண்ணீர் மேற்கிலும் இருக்கும். காலையில் கரைமேல் நடந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பறவையின்மேல் முழு வெளிச்சம், ஒவ்வொரு இறகும் தெரியும். அதே கரையில் சாயங்காலம் நின்றால் எல்லாம் கறுப்பு உருவங்கள்தான், கொக்கா நாரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாலைதான் வசதி என்பவர்கள் உள்வாய்ப் பக்கம் சுற்றிப் போய் மேற்கே நின்று பார்க்க வேண்டும், அங்கே சேறும் முள்ளும் இருக்கும், சொல்லிவிட்டேன்.

பூவுக்கும் கண்மாய்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தண்ணீர் ஓரத்தில் நீர்முள்ளி நிற்கும். கணுவுக்குக் கணு நீட்டமான முள் வட்டமாகச் சுற்றியிருக்கும், அந்த முள்ளுக்கு நடுவில் ஊதா நிறப் பூ, வாயைத் திறந்த மாதிரி. கை வைக்காமல் குனிந்து பாருங்கள். கரையின் சரிவில் பொடுதலை படர்ந்திருக்கும், மிளகு அளவுக் கொத்தைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு வளையம். பிறகு மடை வழியாக இறங்கி, அறுப்பு முடிந்த வயலுக்குள் போங்கள். ஈரம் காய்ந்துகொண்டிருக்கிற வயலில் கொட்டைக்கரந்தை அப்படியே பரவிக் கிடக்கும். உருண்டை உருண்டையாக ஊதாப் பூங்கொத்து, தண்டின் இரண்டு பக்கமும் இலை ஒட்டி இறங்கி இறக்கை கட்டிய மாதிரி இருக்கும், லேசாகக் கசக்கினால் ஒரு மருந்து வாசம். மதுரையிலிருந்து பூ பார்க்க மலைக்குப் போகிறார்கள், இங்கே கால் வைக்க இடம் இல்லாமல் பூத்துக் கிடக்கிறதை ஆடு மிதித்துக்கொண்டு போகிறது. வரப்பில் தும்பையும் கரிசலாங்கண்ணியும் இருக்கும். தும்பையில் தேனீ வருகிற நேரம் பார்த்து நின்றால் அதுவே ஒரு கால் மணி நேரம் போய்விடும்.

குறையும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கரை ஓரம் காலையில் வேறு வேலைக்கு வருகிறவர்கள் இன்னமும் உண்டு, பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். தெருநாய்கள் ஊர் எல்லை வரை வழியனுப்பும். சீமைக்கருவேலம் அடைத்துப்போன கண்மாய்களில் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, அதில் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கின்மேல் ஏறி நின்று ஒரு பார்வை பாருங்கள்: திறந்த சேறும் கொஞ்சம் அல்லியும் ஒன்றிரண்டு நாட்டுக் கருவேல மரமும் தெரிந்தால் அது நல்ல கண்மாய். வெறும் முள்ளும் ஆகாயத்தாமரையும் தெரிந்தால் அடுத்த ஊர்.

மூன்றாவது சங்கரபதி. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற வழியில், இடிந்த கோட்டையைச் சுற்றிய காடு. காடு என்றால் உயர்ந்த மரங்கள் அடர்ந்த காடு என்று நினைத்துவிடாதீர்கள், செம்புரான்கல் தரையில் காரை, களா, சூரை, விடத்தலை என்று இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் புதர்கள், அங்கங்கே மரங்கள். இங்கே பூவுக்குத்தான் முதல் மதிப்பெண். செந்நிறச் சரளைத் தரையில் விஷ்ணுகிராந்தி நீலப்பொட்டாகப் பூத்திருக்கும், காலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பக்கத்திலேயே கொழுஞ்சி, ஓரிதழ் தாமரை, வழியோரம் ஆவாரை. மாசி கடைசியில் களா பூக்கத் தொடங்கினால் மல்லிகை வாடை மாதிரி ஒன்று காற்றில் வரும், எங்கிருந்து என்று தேடினால் முள்ளுக்கு நடுவே வெள்ளைப் பூ.

பறவை? இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் கிடைக்கும். கௌதாரி கூப்பிடும், மயில் கத்தும், குயில் இந்த மாதத்தில்தான் தொண்டையைத் திறக்க ஆரம்பிக்கும், குக்குறுவான் எங்கோ உச்சிக்கிளையில் டுக் டுக் டுக் என்று நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருக்கும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் கேட்டால் அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரம் வரை போய் முட்டையிடுகிற பறவை, குளிருக்கு நம் பக்கம் வந்து சருகுக்குள் இரை தேடும். ஒன்பது நிறம் இருக்கிறது என்பார்கள், எல்லா நிறத்தையும் ஒரு சேரப் பார்க்கிற யோகம் சுலபத்தில் வாய்க்காது. புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவரை முதல் நாளே இங்கே கூட்டிவந்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். பழகியவருக்கு இது கண்மாயைவிட ருசி. தனியாகப் போக வேண்டாம், பாதையை விட்டு விலகி உள்ளே போவதானால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், பாலித்தீன் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சங்கரபதி தூரம் என்கிறவர்களுக்கு அதே தாவரங்களின் சின்ன அளவு ஒவ்வொரு ஊர் அய்யனார் கோயில் காட்டிலும் இருக்கிறது. வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் பிழைத்த மரங்கள், சில இடங்களில் உலக்கைப்பாலை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், ஒரு குச்சியைக்கூட ஒடிக்காதீர்கள், ஊர்க்காரர் யாராவது வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைனாகுலரோடு புதருக்குள் பதுங்குகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஊருணியும் வீதியும் நடக்க முடியாத பெரியவர்களுக்கும், கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்து ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறவர்களுக்கும். ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்தால் மீன்கொத்தி எதிர்ச்சுவரில் உட்காரும். பூட்டிக்கிடக்கிற வீடுகளின் முகப்பில் உழவாரனும் மைனாவும், சாயங்காலம் மாடத்திலிருந்து புள்ளி ஆந்தை எட்டிப் பார்க்கும். பூ என்று பார்த்தால் சுவர் விரிசலில் குப்பைமேனியும் மூக்கிரட்டையும்தான். ஆனால் கோயில் பக்கம் பழைய இலுப்பை மரம் இருந்தால் மட்டும் விடியலில் போங்கள். மாசி பங்குனியில் இலை உதிர்ந்து பூக்கும், சதைப்பற்றான வெளிர்மஞ்சள் பூ விடியும் நேரத்தில் உதிர்ந்து தரையெல்லாம் கிடக்கும், இரவெல்லாம் வௌவால் தின்ற மிச்சம். ஏழு மணிக்குப் பெருக்கிவிடுவார்கள்.

திருமயம் கோட்டையையும் சிலர் கேட்கிறார்கள். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை, மேலே நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கதவு திறக்கும்போது பறவைகள் காலை இரையை முடித்திருக்கும், பாறையும் சுடத் தொடங்கியிருக்கும். கோட்டை பார்க்கப் போங்கள், பறவைக்கு வேண்டாம்.

சரி, எப்படித் தீர்மானிப்பது? முதலில் உங்களுக்குப் பறவை முக்கியமா பூ முக்கியமா என்று ஒரு முடிவுக்கு வாருங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் நடக்காது. பறவைக்குப் பொழுது புலரும் முன்னே இடத்தில் இருக்க வேண்டும், மாசியில் ஆறரை வாக்கில் சூரியன் வரும், எட்டரைக்கு மேல் சுறுசுறுப்பு குறைந்துவிடும். தலை நிமிர்ந்து, தூரம் பார்த்து, பேச்சைக் குறைத்து நடக்க வேண்டும். பூ எட்டு மணிக்குப் பிறகுதான் முழுக்க விரியும், நெருஞ்சியெல்லாம் வெயில் பட்டால்தான் முகம் காட்டும். அதற்குத் தலை குனிந்து, அடிக்கொரு தடவை உட்கார்ந்து நடக்க வேண்டும். இந்த இரண்டு வேகத்துக்கும் இடம் கொடுப்பது கண்மாய் ஒன்றுதான்: போகும்போது கரைமேல் பறவை, திரும்பும்போது வயல்வழியே பூ, மூன்று மணி நேரத்தில் முடியும், பத்து மணிக்கு வீட்டில் காபி.

குழந்தைகளோடு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அந்த வருஷம் நல்ல மழை, அதுவும் தை மாதத்துக்குள் போக முடியும் என்றால் வேட்டங்குடி. செடிகளில் ஆர்வம், முள் கிழித்தால் பரவாயில்லை, கூட வர ஒரு ஆள் உண்டு என்றால் சங்கரபதி. மற்ற எல்லாருக்கும், குறிப்பாக ஒரே இடத்துக்கு வாராவாரம் போக முடிகிறவர்களுக்கு, ஊர்க் கண்மாய். ஒரே கண்மாய்க்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் தண்ணீர்க்கோடு இறங்க இறங்க எந்தப் பறவை எங்கே நகர்கிறது, எந்தச் செடி எந்த வாரம் பூக்கிறது என்று பிடிபடும். தேன்சிட்டு ஆண் பாதி மஞ்சளும் பாதி கறுப்புமாக ஒரு வாரம் இருந்தது அடுத்தடுத்த வாரங்களில் முழுக்க ஊதாவாக மின்னுவதை வேட்டங்குடிக்கு ஒரு நாள் போய் வந்தவர் பார்க்க முடியாது.

கருவி விஷயத்தில் சுருக்கமாக. காசு ஒன்றில்தான் போட முடியும் என்றால் 8×42 பைனாகுலர் வாங்குங்கள், கேமரா வேண்டாம். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் ஒரு பறவையைத் துரத்துவார், மற்ற பத்தைத் தவறவிடுவார், பல சமயம் அந்த ஒன்றையும் பறக்கவிடுவார். குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிற மெர்லின் செயலி சங்கரபதியில் உதவும், கண்மாயில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை, கண்ணாலேயே பார்க்கலாம். பூவுக்குக் கைப்பேசி போதும், ஆனால் பூவை மட்டும் எடுக்காமல் இலை, தண்டு, முழுச் செடி என்று தனித்தனியாக எடுங்கள், பூவை மட்டும் காட்டினால் யாராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. எழுதி வைக்கிற பழக்கம் வேண்டும் என்றால் பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கிற கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நல்ல சாக்கு. ஒரே இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும், அதற்கு ஊருணிப் படிக்கட்டே தாராளம்.

கண்மாயைத் தேர்ந்தெடுத்தவர்கள் கிளம்புவதற்கு முன் டீக்கடையில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மீன்பிடி எப்போது? மாசி கடைசியிலிருந்து தண்ணீர் இறங்கின கண்மாய்களில் ஊர்கூடி மீன் பிடிப்பார்கள், பக்கத்து ஊரெல்லாம் மீன்பிடிக் கச்சாவும் வலையுமாகத் திரளும். அன்றைக்குப் போனால் பறவை ஒன்றும் இருக்காது, குழம்புக்கு மீன் வேண்டுமானால் கிடைக்கும். அதற்கு முந்தைய வாரம் போங்கள். மீன் ஒடுங்கி நிற்கிற சொற்பத் தண்ணீரைச் சுற்றிக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் தோளோடு தோள் நெருக்கி நிற்கும்.